ஹட் பேக்கு ஒன்பது பேர்

அந்தமானுக்குப் போகும் நம்மவர்களில் பெரும்பாலோர் செல்லுலார் சிறை, ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரை, நீல் தீவு ஆகியவற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். போர்ட் பிளேரிலிருந்து இன்னும் தெற்கே, ரட்லண்ட் தீவைத் தாண்டி, டங்கன் நீரிணைக்கு அப்பால் இன்னொரு தீவு இருக்கிறது. பெயர் லிட்டில் அந்தமான். பரப்பு ஏறத்தாழ 700 சதுர கிலோமீட்டர். அந்தமான் தீவுக் கூட்டம் அதோடு முடிகிறது. அடுத்து வருவது பத்து டிகிரிக் கால்வாய், அதற்கும் அப்பால் நிக்கோபார். இந்தத் தீவின் காட்டுக்குள் இரண்டு அருவிகள் இருக்கின்றன. கப்பலில் போய் இறங்க ஒரே ஊர்தான்: கிழக்குக் கரையில் உள்ள ஹட் பே.

தாம்பரத்தில் காலையில் சேர்ந்து நடக்கும் எங்கள் குழுவில் இந்தத் தீவைப் பற்றி நான் பேச்செடுத்ததும் இருபதுக்கு மேற்பட்டோர் பெயர் கொடுத்தார்கள். இத்தனை பேருக்குப் படுக்கை, சாப்பாடு, வண்டி என்று ஏற்பாடு செய்வது நம் ஊர்ப் பக்கம் பெரிய காரியமே இல்லை. ஆனால் நண்பர் ஒருவரின் பெரியப்பா, பரமக்குடியிலிருந்து இளம் வயதிலேயே போர்ட் பிளேருக்குப் போய் மளிகைக் கடை வைத்தவர், தொலைபேசியில் எண்ணிக்கையைக் கேட்டதும் தயங்கினார்.

“இருபது பேரு வேண்டாம் தம்பி. பத்துக்குள்ள வாங்க.”

“ஏன் ஐயா, தங்க இடம் இருக்காதா?”

“இடத்தை விடுங்க. கப்பல்ல சீட்டு இருக்கணுமில்ல? அந்தக் கப்பல்லதான் ஆஸ்பத்திரிக்கு வந்த ஆளும் ஊர் திரும்பணும், காலேஜ் புள்ளையும் வீட்டுக்குப் போகணும். நீங்க இருபது பேரு ஏறினா இருபது பேரு துறையில நிப்பாங்க.”

எங்கள் திட்டம் முழுவதும் அந்த ஒரு பேச்சின் மேல்தான் எழுந்தது. போர்ட் பிளேரின் ஃபீனிக்ஸ் பே துறையிலிருந்து ஹட் பேக்கு ஏறத்தாழ 120 கிலோமீட்டர். அந்தமான் நிர்வாகத்தின் கப்பல் துறை விடும் கப்பல்களில்தான் மக்கள் போய்வருகிறார்கள். ஹெலிகாப்டர் உண்டு, ஆனால் அதில் இருக்கைகள் மிகக் குறைவு, அவசர நோயாளிகளுக்கே முதலிடம். கப்பல் அட்டவணை புறப்படும் நாளுக்குச் சற்று முன்புதான் உறுதியாகும். ‘தி டெய்லி டெலிகிராம்ஸ்’ என்று நிர்வாகமே நடத்தும் நாளிதழில் அது வெளியாகும். கடல் சீறினால் அச்சான அட்டவணையும் மாறும். அதனால் சென்னையில் உட்கார்ந்துகொண்டு நாளும் மணியும் குறித்துத் திட்டம் போட முடியாது. எந்த நாள் கப்பல் கிடைத்தாலும் குலையாத திட்டமாக அது இருக்க வேண்டும்.

ஆகவே ஆள் எண்ணிக்கையை ஒன்பதாக்கினோம். பணி ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர், அவரை எல்லாரும் ‘டீச்சர்’ என்றே அழைப்போம். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர். அரசு மருத்துவமனைச் செவிலியர் ஒருவர். கணவன், மனைவி, பள்ளியில் படிக்கும் அவர்கள் மகள். கல்லூரி மாணவர்கள் இருவர். ஒன்பதாவதாக நான். வர முடியாதவர்கள் மனம் கோணாமல் இருக்க, அடுத்த ஆண்டு இன்னொரு சிறு குழு போவதென்று முடிவானது. பெயரைத் தானாகவே விட்டுக்கொடுத்தவர்கள் சிலர், எங்களுக்கு மருந்துப் பெட்டியும் தார்ப்பாயும் வாங்கித் தந்து வழியனுப்பினார்கள்.

அடுத்த கேள்வி, எந்த மாதம் போவது? தீவில் ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அது ஓய்ந்ததும் வடகிழக்குப் பருவமழையும் வங்கக் கடலின் புயல்களும். பிப்ரவரி, மார்ச்சில் கடல் அடங்கிக் கிடக்கும், கப்பல் ஆடாது. ஆனால் அதற்குள் அருவி மெலிந்துவிடும். அருவி நிறைந்து கொட்டும் மாதங்களில் கடல் விடாது. இரண்டும் ஓரளவு கூடிவருவது ஜனவரியில்தான். அதனால் பொங்கல் முடிந்ததும் புறப்பட்டோம். திரும்பும் விமானத்துக்கு முன்னால் வேலை எதுவும் இல்லாத நாட்களைப் போர்ட் பிளேரில் விட்டுவைத்தோம். கப்பல் தள்ளிப்போனால் அந்த நாட்கள் ஈடுகட்டும்.

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பலும் உண்டு, மூன்று நாள் பிடிக்கும். டீச்சரின் முழங்காலை எண்ணி விமானத்தில் போனோம், இரண்டேகால் மணி நேரம். 2024 செப்டம்பரில் ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியிருந்தாலும் ஆட்டோக்காரரிலிருந்து கடைக்காரர் வரை போர்ட் பிளேர் என்றே சொல்கிறார்கள். அபர்தீன் கடைத்தெருவில் நடந்தால் தமிழ் காதில் விழாமல் இருக்காது. வங்காளி, இந்தி, தமிழ், தெலுங்கு ஆகியவை இத்தீவுகளில் மிகுதியாகப் பேசப்படும் மொழிகள்.

ஹட் பே கப்பல் அதிகாலையில் புறப்பட்டது. துறைமுக வாயைக் கடந்ததும் வலப்புறம் தெற்கு அந்தமானின் காடு கூடவே வந்தது. சிடியா டாப்பு, ரட்லண்ட், சின்க் தீவுகள் என்று ஒவ்வொன்றாகப் பின்னால் போக, டங்கன் நீரிணை திறந்தது. அங்கே கப்பல் ஆடத் தொடங்கியது. ‘பிரதர்ஸ்’, ‘சிஸ்டர்ஸ்’ என்று பெயர் கொண்ட ஆளில்லாத் தீவுகள் பச்சைத் திட்டுகளாகத் தெரிந்தன. பறக்கும் மீன்கள் அலைக்கு மேல் எழும்பி நூறடி தள்ளி விழுந்தன. மாணவர்கள் இருவரும் கம்பியைப் பிடித்தபடி அவற்றை எண்ணிக்கொண்டிருந்தார்கள். செவிலியர் ஏறும்போதே எல்லாருக்கும் வாந்தி மாத்திரை கொடுத்திருந்ததால் யாருக்கும் தொல்லையில்லை.

கீழ்த்தளத்தில் எங்களுக்கு எதிர் இருக்கையில் ஒரு தாயும் மகனும் இருந்தார்கள். ஹட் பேயில் வசிக்கும் தமிழ்க் குடும்பம். மகனுக்குக் கை எலும்பு முறிந்து, போர்ட் பிளேரின் ஜி.பி. பந்த் மருத்துவமனையில் கட்டுப் போட்டுத் திரும்புகிறார்கள்.

“டிக்கெட்டுக்கு ரொம்ப நேரம் நிக்கணுமாக்கா?” என்று செவிலியர் கேட்டார்.

“நேத்தே கிளம்ப வேண்டியது. சீட்டு இல்லன்னுட்டாங்க. இன்னிக்குத்தான் கிடைச்சுது. பரவால்ல, எங்களுக்குப் பழக்கந்தான்” என்றார் அந்த அம்மா. ஹட் பேயில் சுகாதார நிலையம் இருக்கிறது. அங்கே முடியாத சிகிச்சைக்கெல்லாம் இந்தக் கடலைக் கடந்துதான் வர வேண்டும். பெரியவர் தொலைபேசியில் சொன்னது எங்கள் முன்னாலேயே கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்தது. டீச்சர் ஜன்னலோர இருக்கையை அந்தப் பையனுக்குக் கொடுத்தார். வழி நெடுக அவனுக்கு எட்டாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டே வந்தார்.

ஏழு மணி நேரம் கழித்து ஹட் பேயின் அலைத்தடுப்புச் சுவர் தெரிந்தது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஏறி வந்தபோது இந்தக் கரையோரக் குடியிருப்புகள் அழிந்தன, படகுத்துறையும் சிதைந்தது. இப்போதுள்ள வீடுகளில் பலவும் அதற்குப் பின் கட்டியவை. துறையிலிருந்து வடக்கே ஒரே ஒரு பெரிய சாலை. ஊர்களை மக்கள் பெரும்பாலும் கிலோமீட்டர் கணக்கிலேயே குறிக்கிறார்கள். நேதாஜி நகர் பதினோராவது கிலோமீட்டர், பட்லர் பே கடற்கரை பதினான்கு. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த வங்காளி அகதிக் குடும்பங்களை 1960களின் கடைசியிலிருந்து இங்கே குடியேற்றினார்கள். ஹர்மிந்தர் பே பகுதியில் நிக்கோபாரிகளும் குடியமர்த்தப்பட்டார்கள்.

நேதாஜி நகரில் ஒரு குடும்பம் நடத்தும் தங்குமிடத்தில், மூங்கில் தட்டி அறைகளில் தங்கினோம். ஒன்பது பேருக்குச் சமையல் என்பதே அந்த வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு நாள் முழுக்க வேலை. மீனும் சோறும் வாழைக்காயும் கிடைத்தன. காய்கறியில் பலவும் கப்பலில் வருவதால் கிடைத்ததைச் சமைக்கிறார்கள். சென்னையிலிருந்து கொண்டுபோன பருப்பும் புளியும் அங்கே நன்றாக உதவின. இரவில் மணல் ஈக்களுக்குத் தேங்காய் மட்டைப் புகை போட்டார்கள். தேங்காய் எண்ணெயைக் கை கால்களில் பூசிக்கொண்டால் கடி குறைகிறது என்று வீட்டுப் பெரியவர் சொன்னார், அப்படியே செய்தோம்.

முதல் அருவி ஒயிட் சர்ஃப். துறையிலிருந்து ஆறரைக் கிலோமீட்டரில், பெரிய சாலையிலிருந்து காட்டுப் பக்கம் திரும்பும் மண்பாதையின் முடிவில் இருக்கிறது. வண்டி அருகிலேயே போவதால் டீச்சரும் ரயில்வே ஐயாவும் சிரமமின்றி வந்தார்கள். உயரம் பெரிதில்லை. ஆனால் நீர் பாறை முகப்பில் பரந்து, பல இழைகளாகப் பிரிந்து இறங்குகிறது. சுற்றிலும் இலைகள் மூடிய காடு, வெயில் சல்லடைத் துளிகளாகத்தான் தரைக்கு வருகிறது. குற்றாலத்தில் அருவிக்குத் தலையைக் கொடுத்துப் பழகிய நாங்கள், இங்கே அருவிக்கு நேர் கீழே ஒருவர் பின் ஒருவராக நின்று குளித்தோம். எண்ணெயும் சோப்பும் கொண்டுபோகக் கூடாதென்று முன்பே பேசிவைத்திருந்தோம். ஓடையின் நீரைக் கீழே குடியிருப்பவர்கள் புழங்குகிறார்கள்.

அருவிக்குக் கீழுள்ள குட்டையில் இறங்கலாமா என்று மாணவர்கள் கேட்டார்கள். உடன் வந்த வழிகாட்டி, வங்காளிக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்த இளைஞர், தலையசைத்து மறுத்தார். அந்தமானின் ஓடைகளிலும் கழிமுகங்களிலும் உவர்நீர் முதலைகள் உண்டு. பெயரில் உவர்நீர் இருந்தாலும் அவை நன்னீர் ஓடைகளிலும் ஏறி வரும். 2010இல் ஹேவ்லாக்கில் கடலில் நீந்திய ஒரு வெளிநாட்டுப் பெண் முதலைக்கு இரையானார். உள்ளூர்க்காரர் இறங்காத நீரில் நாமும் இறங்கக் கூடாது என்பதைக் குழுவின் விதியாகச் சென்னையிலேயே வைத்திருந்தோம். மாணவர்கள் மறுபேச்சின்றிக் கரையில் உட்கார்ந்தார்கள்.

இரண்டாவது அருவி விஸ்பர் வேவ். அதற்குத்தான் உண்மையான தயாரிப்பு வேண்டும். வண்டி விடும் இடத்திலிருந்து காட்டுக்குள் நான்கு கிலோமீட்டர் நடை, வழிகாட்டி இல்லாமல் போகக் கூடாது. டீச்சரும் ஐயாவும் முன்பே சொல்லிவிட்டார்கள்: “நாங்க பட்லர் பேயில இருக்கோம். நீங்க போயிட்டு வந்து சொல்லுங்க.” குழுப் பயணத்தில் எல்லாரும் எல்லா இடத்துக்கும் போக வேண்டியதில்லை. யார் எங்கே நிற்பார்கள், அவர்களோடு யார் இருப்பார்கள் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தால் போதும். செவிலியர் அவர்களோடு தங்கினார்.

காலையிலேயே புறப்பட்டோம். இந்தியாவின் கிழக்கு ஓரத்துத் தீவு என்பதால் கடிகாரம் நம் கடிகாரம்தான், சூரியன் மட்டும் முந்திக்கொள்கிறது. ஜனவரியில் மாலை ஐந்தேகாலுக்கெல்லாம் அடைந்துவிடும், காட்டுக்குள் நாலரைக்கே இருட்டு கவியும். இதைக் கணக்கில் எடுக்காமல் மதியச் சாப்பாட்டுக்குப் பின் நடக்கத் தொடங்குகிறவர்கள் திரும்பும்போது திண்டாடுகிறார்கள் என்றார் வழிகாட்டி.

பாதை முதலில் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தை ஒட்டிப் போனது. 1970களில் இத்தீவின் காட்டை வெட்டிச் சுமார் 1600 ஹெக்டேரில் இந்தத் தோட்டத்தைப் போட்டார்கள். அதே காலத்தில் யானைகளைக் கொண்டு படாக், குர்ஜன் மரங்களை இழுத்துக் கப்பலேற்றும் தொழிலும் நடந்தது. 2002இல் உச்ச நீதிமன்றம் லிட்டில் அந்தமானில் மரம் வெட்டுவதை நிறுத்தியது, தோட்டத்தை விரிவாக்கவும் தடை விதித்தது. தோட்டத்திலிருந்து காட்டுக்குள் கால் வைத்த இடத்தில் அந்தத் தீர்ப்பின் அருமை உடம்புக்கே தெரிந்தது. ஒரே வரிசையில் ஒரே மரமாக நின்ற வெக்கை பின்னால் போனது. பிரம்பும் கொடியும் பின்னிய ஈரக் குளிர் வந்து மேலே விழுந்தது. மலை மைனாக்களின் குரல் மேலே எங்கோ கேட்டது. பலகை போல் வேர் விரித்து நின்ற ஒரு மரத்தைச் சுற்றிக் கைகோர்த்துப் பார்த்தோம், எங்கள் கைகள் எட்டவில்லை.

ஓடையைப் பல முறை கடந்தோம். வழிகாட்டி முன்னால் போய்க் கம்பால் ஆழம் பார்ப்பார். பின்னால் கடைசி ஆளாக நான். ஆறு பேர் என்பதால் முன்னவரின் குரல் பின்னவருக்குக் கேட்டது. இருபது பேர் வரிசையாகப் போயிருந்தால் பாதிப் பேர் பாதையை விட்டு விலகியிருப்பார்கள், ஓடைக்கரை சேறாகியிருக்கும்.

விஸ்பர் வேவ் அருவி ஒயிட் சர்ஃபை விட ஒதுங்கியது. சத்தம் முதலில் வருகிறது, வெகு நேரம் கழித்துத்தான் நீர் தெரிகிறது. கறுத்த பாறையில் வெள்ளையாய் இறங்கி, பாசி படர்ந்த படிகளில் தேங்கி, மறுபடி இறங்குகிறது. பத்தாவது படிக்கும் அந்தப் பெண் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அருவியின் ஓரத்தில் நின்றாள். கொண்டுபோன எலுமிச்சைச் சோற்றை அங்கேயே சாப்பிட்டோம். இலைகளைத் தவிர எல்லாவற்றையும் பையில் கட்டித் திரும்பக் கொண்டுவந்தோம், பிஸ்கட் தாள் உட்பட. தீவில் குப்பையைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேறு இடமில்லை. நாங்கள் விட்டுவந்தால் அங்கேயேதான் கிடக்கும். போர்ட் பிளேர் வரை சுமந்தோம்.

பட்லர் பேயில் மற்றவர்களோடு சேர்ந்தபோது கடல் அலை உருட்டிக்கொண்டிருந்தது. பிறை வடிவக் கரை, அலைச்சறுக்குக்காரர்கள் தேடி வரும் இடம். மணலில் பர்மிய, தாய் எழுத்துகள் பொறித்த பிளாஸ்டிக் புட்டிகள் ஒதுங்கிக் கிடந்தன. டீச்சரும் செவிலியரும் பகல் முழுக்க ஒரு சாக்கில் அவற்றைச் சேர்த்திருந்தார்கள்.

இத்தீவின் பெரும்பகுதிக்கு நாங்கள் போகவில்லை, போகவும் கூடாது. ஏறத்தாழ 450 சதுர கிலோமீட்டர் ஓங்கி மக்களுக்கான ஒதுக்குக் காடு. 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு விதியின்படி வெளியார் அதற்குள் நுழைவது குற்றம். ஓங்கிகள் இத்தீவின் மூத்த குடிகள், இன்று நூற்றுச் சொச்சம் பேரே இருக்கிறார்கள். 1867இல் ‘அசாம் வேலி’ என்ற கப்பலிலிருந்து தெற்குக் கரையில் இறங்கியவர்கள் திரும்பவில்லை. அவர்களைத் தேடி வந்த பிரிட்டிஷ் படையினர் கரையோர அலையில் சிக்கினார்கள். அவர்களைப் படகில் மீட்ட ஐவருக்கு விக்டோரியா சிலுவை கிடைத்தது. ஓங்கிகளின் பக்கத்தில் மாண்டவர்களுக்கு எந்த நினைவுச் சின்னமும் இல்லை. ஆழிப்பேரலை நாளில், கடல் பின்வாங்குவதைக் கண்டதும் ஓங்கிகள் மேட்டுக்கு ஏறிப் பிழைத்தார்கள். தெற்கு, மேற்குக் கரைகளில் பேராமைகள் முட்டையிட வருகின்றன. செயற்கைக்கோள் பட்டை கட்டி விட்ட ஆமைகள் சில ஆஸ்திரேலியக் கடல் வரைக்கும், ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் வரைக்கும் போயின. அந்த மணலில் நம் காலடி படாமல் இருப்பதே அவற்றுக்கு நாம் செய்யும் உதவி.

2021இல் ஒரு செய்தி வெளியானது. இத்தீவின் மூன்றில் ஒரு பங்கை நகரமாகவும் விடுதிகளாகவும் மாற்ற நிதி ஆயோக் ஒரு தொலைநோக்குத் திட்டம் வரைந்திருந்தது. காட்டையும் ஒதுக்கு நிலத்தையும் விடுவிக்கச் சொன்ன அந்தத் திட்டத்துக்கு அங்கிருந்த வனத்துறை அதிகாரியே எழுத்துபூர்வமாக மறுப்புத் தெரிவித்திருந்தார். விஸ்பர் வேவ் பாதையில் நடந்தவன் என்ற முறையில் நானும் அந்த மறுப்பின் பக்கம் நிற்கிறேன். ஏழு மணி நேரக் கடலும், குறைந்த இருக்கைகளும், நான்கு கிலோமீட்டர் நடையும் குறைகள் என்று சொல்லி யாராவது அவற்றை நீக்க வந்தால், இந்த அருவிகளுக்கும் ஓங்கிகளுக்கும் மிச்சம் இருக்கும் காவல் போய்விடும்.

திரும்பும் நாளில் கடல் கொந்தளித்துக் கப்பல் மறுநாளைக்குத் தள்ளிப்போனது. சென்னையிலிருந்து கடலடியில் போட்ட கண்ணாடியிழைக் கம்பி 2020இல் இத்தீவுக்கும் வந்துவிட்டதால், வீடுகளுக்கு உடனே தகவல் சொல்ல முடிந்தது. கையில் வைத்திருந்த நாள் ஈடுகட்டியது, யாருடைய விமானமும் தவறவில்லை. அன்று ஹட் பே கடைத்தெருவில் கப்பலில் வந்த தாய் எங்களைக் கண்டு வீட்டுக்கு அழைத்துப்போய்த் தேநீர் கொடுத்தார்.

லிட்டில் அந்தமானுக்குக் குழுவாகப் போக நினைப்பவர்கள் ஊர் கூட்டிப் புறப்பட வேண்டாம். ஒரு வண்டியில் அடங்கும் அளவு ஆட்களோடு போங்கள். திரும்புவதற்குக் கூடுதல் நாள் வையுங்கள். நடக்க முடியாதவருக்கும் ஓர் இடம் திட்டத்தில் இருக்கட்டும். டிக்கெட் முகப்பில் நோயாளியோ கைக்குழந்தைக்காரரோ இருக்கை இல்லாமல் நின்றால், அடுத்த கப்பலுக்குக் காத்திருக்க உங்களால் முடியும், அவர்களால் முடியாது. அந்த இருக்கையை அவர்களுக்கு விட்டுக்கொடுக்க மனமுள்ளவர்களை மட்டும் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.